அம்மாவின் ரேஷன் கடைத் தமிழ்

எங்கள் அம்மாவுக்குத் தமிழில் சண்டை போடத் தெரியும், கொஞ்சத் தெரியாது. அருப்புக்கோட்டையில் தறி ஓட்டும் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் நிலைமை. வீட்டுக்குள் பேசுவது கன்னடம். வாசற்படியைத் தாண்டினால் தமிழ். காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது, பரீட்சையில் கோட்டை விட்டபோது ஆறுதல் சொன்னது, தீபாவளிக்கு எடுத்த பாவாடை குட்டையாகப் போனதற்கு அழுதபோது சமாதானப்படுத்தியது எல்லாம் எங்களுக்குக் கன்னடத்தில் நடந்தன. எடை குறைத்துப் போடும் காய்கறிக்காரர், சில்லறை தராத கண்டக்டர், ரேஷன் கடை வரிசையில் நடுவில் நுழைகிறவர் ஆகியோருக்குத்தான் அம்மா தமிழில் கிடைத்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவள் தமிழ் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்த தமிழ். அதில் ஒரு "வாங்க" சொன்னால்கூட, வந்தவர், என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தமிழில்தான் இன்று என் பிழைப்பு ஓடுகிறது.

அதற்கு முன்னால் நான் சென்னையில் இருந்தேன். வாரம் முழுக்க ஒரு கம்பெனியில் சாப்ட்வேரைச் சோதிக்கும் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு காபி கடையின் மாடியில் மைக்கைப் பிடித்து ஜோக் சொல்லும் வேலை. முதல் வேலைக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இரண்டாவதற்குக் காபி கொடுத்தார்கள், அதுவும் எல்லாக் கடையிலும் இல்லை. ஸ்டாண்ட் அப் காமெடி என்றால் என்ன என்று அம்மாவிடம் ஒருமுறை போனில் விளக்கினேன். நின்றுகொண்டே பேச வேண்டும், கேட்பவர்கள் சிரிக்க வேண்டும் என்றேன். உட்கார்ந்து பேசினால் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டாள்.

சென்னையில் எனக்கு ஊர்தான் சரக்கு. "எங்க ஊருக்கு மேல மேகம் வந்து நிக்கும். மழை பெய்ய இல்ல. மதுரைக்கு எப்படிப் போகணும்னு வழி கேக்க" என்பேன். சிரிப்பார்கள். திருச்சுழிப் பக்கம் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால், வழியெல்லாம் சீமைக்கருவேல மரம் மட்டும் பச்சையாக நின்று, "தண்ணியா, அப்படின்னா?" என்று நம்மைப் பார்த்துக் கேட்கும் என்பேன். அதற்கும் சிரிப்பார்கள். ஆனால் பேசிப் பேசி எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அவர்கள் ஜோக்குக்குச் சிரிக்கிறார்களா, இல்லை அருப்புக்கோட்டை என்ற ஊர்ப் பெயருக்குச் சிரிக்கிறார்களா? ஒரு நாள் நிகழ்ச்சி முடிந்ததும் அதை நடத்துகிறவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வார்த்தையைவிட மூஞ்சிதாங்க காமெடி" என்றார். பாராட்டா, போய்விடு என்பதற்கு நாகரிகமான சொல்லா என்று புரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவர்களுக்கு முகம் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. "சோறு ஆறுது" என்பதைப் புருவத்தாலும், "உன் பெரியப்பா வந்திருக்கார், உள்ளே போய் ஒளிந்துகொள்" என்பதைக் கண்ணாலும் சொல்லப் பழகிவிடுவோம்.

பிறகு நோய்க்காலம் வந்தது. காபி கடைகளை மூடினார்கள், ஆபீஸையும் மூடினார்கள், நான் ஊருக்கு வந்தேன். எல்லாவற்றையும் திறந்த பிறகும் நான் திரும்பிப் போகவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற பெண் என்ற பட்டத்தோடு போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தேன்.

எடுப்பதில் ஒரே ஒரு சிக்கல். எங்கள் தெரு பகல் முழுக்கத் தறிச் சத்தத்தில் அதிர்ந்துகொண்டிருக்கும். நான் பேசியது எதுவும் பதிவாகவில்லை. அதனால் கரண்ட் போகிற நேரம்தான் எனக்குப் படப்பிடிப்பு நேரம் என்று ஆயிற்று. ஊரெல்லாம் கரண்ட் போனால் திட்டும், நான் ஒருத்தி மட்டும் முகம் கழுவிப் பவுடர் போடுவேன். தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று தெருவே அமைதியானதும் போனை எடுப்பேன். இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. தறி நின்றால் தெருவில் எல்லாருக்குமே வேலை நின்றுவிடும். வேலையில்லாமல் நிற்கிறவர்களுக்கு வேடிக்கை வேண்டும். கொஞ்ச நாளில் கரண்ட் போனதும் அவரவர் வீட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முதல் வரிசை எதிர்வீட்டு அக்காவுக்கு என்று எழுதப்படாத சட்டமே உண்டு. நான் வசனம் சொன்னதும் சிரித்துவிடுவார்கள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சரி, சிரிப்பும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதை அப்படியே வீடியோவில் விட்டேன். காபி கடையில் நான் ஏங்கிக் கிடந்த சிரிப்பு, இப்போது ஸ்டூலோடு வீடு தேடி வந்தது.

ஒரு நாள் நான் புடவை கட்டிக்கொண்டு கஞ்ச மாமியார் வேடம் போட்டேன். விருந்தாளிக்குச் சோறு போடாமல் அனுப்பப் பார்க்கிற மாமியார். ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, நான் செய்வது பொறுக்காமல் உள்ளே வந்துவிட்டாள். கையிலிருந்த தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒரு சிரிப்புச் சிரித்து, தன் ரேஷன் கடைத் தமிழில், "சாப்புட்டுத்தான வந்திருப்பீக?" என்றாள்.

வாசலில் ஒரு ஸ்டூல் கவிழ்ந்தது. அதிலிருந்தவரும் கவிழ்ந்தார்.

அன்றோடு நான் மாமியார் வேடத்திலிருந்து விலக்கப்பட்டேன். அம்மா மாமியார், நான் மருமகள். அம்மா பேசுவாள். நான் பேச மாட்டேன். அவள் ஒவ்வொன்றும் சொல்லி முடித்ததும் மெதுவாகத் திரும்பி கேமராவை ஒரு பார்வை பார்ப்பேன், அவ்வளவுதான். மூஞ்சிதான் காமெடி என்று ஒருவர் சொன்னார் அல்லவா, அதைத் தொழிலாகவே ஆக்கிக்கொண்டேன். அம்மா திட்டத் திட்ட, நான் பார்க்கப் பார்க்க, சேனல் வளர்ந்தது. மருமகளின் பார்வையைப் பற்றி ஊர் ஊராக ஆட்கள் எழுதினார்கள். எங்கோ வெளிநாட்டில் இருக்கும் பெண்கள், "என் வீட்டில் நடப்பதை எங்கிருந்து பார்த்தீர்கள்" என்று கேட்டார்கள். சாப்ட்வேர் வேலைக்குத் திரும்பும் யோசனையை விட்டேன். அம்மா பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் செல்பி எடுக்க ஆட்கள் வந்தார்கள். ரேஷன் கடை வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்கிறவர்கள் தாங்களாகவே வழிவிட்டார்கள். சண்டை போட ஆளில்லாமல் போய்விட்டது என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தம்பி ஒரு பெண்ணை விரும்புவதாகச் சொன்னான்.

அவன் மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறான். அந்தப் பெண் அதே ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பரளச்சிப் பக்கம் அவர்கள் ஊர். இருவரும் காலையில் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். பெண்ணின் அப்பா லோடு வண்டி வைத்திருக்கிறார், மழை பெய்கிற வருஷங்களில் குதிரைவாலியும் மல்லியும் விதைப்பார். பெண்ணின் அம்மா அங்கன்வாடியில் டீச்சர். அவர்கள் வேறு சாதி. எங்கள் பெரியப்பா வீட்டில் அதைச் சொல்லி எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அப்பாவுக்குத் தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. "அவரு இத்தன நாளு பேசுனதே எனக்குக் கேட்டதில்லையே" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். அப்பாவின் மீது எனக்கு அன்று வந்த பெருமையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பெண் வீட்டில் தயக்கம் இருக்கும் என்று நினைத்தோம். இருக்காமல் எப்படி? அவர்கள் கவலைப்பட எல்லாக் காரணமும் இருந்தது. சாதியைப் பற்றி என்ன கேட்டால் என்ன சொல்வது என்று நானும் தம்பியும் உட்கார்ந்து பேசி வைத்தோம். ஆனால் அந்தப் பெண் மூலமாக வந்த செய்தி வேறு. "எங்க அம்மா உங்க அக்கா வீடியோ எல்லாத்தையும் பாத்திருக்காங்க. ரொம்ப யோசிக்கிறாங்க."

அவ்வளவுதான் செய்தி. தம்பி அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

யோசிக்காமல் என்ன செய்வார்கள்? மகளைக் கொடுக்கப் போகிற வீட்டு மாமியார் எப்படிப்பட்டவள் என்று ஊர் முழுக்க வீடியோ போட்டுக் காட்டியிருக்கிறோம். சோறு போடாதவள், சோப்பைப் பாதியாக வெட்டிக் கொடுக்கிறவள், மருமகள் சீரியல் பார்த்தால் மெயின் சுவிட்சை நிறுத்துகிறவள். அது நடிப்பு என்று யார் போய்ச் சொல்வது? சொன்னால்தான் நம்புவார்களா? நேரில் வந்து பேசினால் அம்மாவுக்கு அதே தமிழ்தானே இருக்கிறது.

வீடியோக்கள் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன் என்றேன். அழித்தால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். தம்பி வேண்டாம் என்று வாயால் மட்டும் சொன்னான். அம்மாதான் கன்னடத்தில் முடிவு சொன்னாள். அவர்கள் வந்து பார்க்கட்டும். கை நனைத்தால் சரி. நனைக்காமல் போனால் அன்று சாயங்காலமே அழித்துவிடு.

கை நனைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம். சம்பந்தம் பேச வருகிறவர்கள் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள், காப்பிகூடக் குடிப்பார்கள். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால்தான் சம்மதம் என்று பொருள். மனம் ஒப்பவில்லை என்றால், "வாரோம், இன்னொரு நாளைக்குச் சாப்புடுறோம்" என்று எழுந்துவிடுவார்கள். அந்த இன்னொரு நாள் வரவே வராது.

ஆக, தம்பியின் கல்யாணமும் என் பிழைப்பும் ஒரே இலையில் வந்து உட்கார்ந்துகொண்டன.

அம்மாவுக்கு மெல்லிய தமிழ் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். "வாங்க, வாங்க. வழியில ஒண்ணும் சிரமமில்லையே?" இதுதான் முதல் வரி. அம்மா சொல்லிக் காட்டினாள். தம்பி கேட்டுவிட்டு, "டிக்கெட் எடுத்தீகளான்னு செக்கிங் கேக்குற மாதிரி இருக்கு" என்றான். சிரித்துக்கொண்டே சொல் என்றேன். சிரித்தாள். முன்னைவிடப் பயமாக இருந்தது. குரலைத் தாழ்த்திச் சொல் என்றேன். தாழ்த்தினாள். கடத்தல்காரர்கள் போனில் பேசுவதுபோல் இருந்தது. கடைசியில் அவளே எரிச்சலாகி, "நான் பேசாமலே இருந்துடறேன்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே பருப்பைக் கழுவிக்கொண்டே அந்த வரியைத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பது எனக்குக் கேட்டது. அம்மாவை நினைத்துச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் மட்டும். அவருடைய லோடு வண்டியிலேயே வந்து இறங்கினார்கள். அப்பா எங்கள் தறிகளை நிறுத்தி வைத்திருந்தார். ஆனால் இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா வாசலுக்கு வந்து தன் முதல் வரியைச் சொன்னாள். சத்தத்தில் அது அவர்களுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொன்னாள். உரக்கச் சொன்னதில் அது பழைய அம்மாவாகிவிட்டது. பெண்ணின் அப்பா ஒரு அடி பின்னால் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உட்கார்ந்தார்கள். காப்பி குடித்தார்கள். தறிச் சத்தத்தில் யாரும் அதிகம் பேச முடியாதது நல்லதாகப் போயிற்று. பெண்ணின் அம்மா ஒல்லியான, நிமிர்ந்து உட்காரும் பெண்மணி. வீட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அதிகமாக என்னைப் பார்த்தார். அடுப்படியில் சாம்பாரும் வடையும் பாயசமும் தயாராக இருந்தன. கூடத்தில் இரண்டு இலைகள் போட்டாயிற்று. "வாங்க" என்று கூப்பிடுவதுதான் பாக்கி.

அப்போது கரண்ட் போனது.

பக்கத்து வீட்டுத் தறி நின்றது. அதற்கடுத்த வீட்டுத் தறி நின்றது. தெரு அமைதியானது. எனக்கு உடனே உறைத்துவிட்டது. கதவைச் சாத்தலாம் என்று எழுந்தேன். அதற்குள் எதிர்வீட்டு அக்கா தன் ஸ்டூலோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே தெரு வந்துவிட்டது.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்த புதியவரைப் பார்த்து, "இவுக யாரு, பொண்ணுக்கு அப்பாவா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, பொண்ணுக்கு அப்பாதான்" என்றார் அவர், மரியாதையாக.

"நல்லா நடிக்கிறாக. மொகத்துலயே ஒரு பயம் தெரியுது பாரேன்" என்று அக்கா பின்வரிசைக்குச் சொன்னார்.

"அக்கா, இது ஷூட்டிங் இல்ல. நெசமாவே சம்பந்தம் பேச வந்திருக்காக" என்றேன் நான். தெருவே சிரித்தது. வசனம் என்று நினைத்துவிட்டார்கள். நான் இன்னும் கெஞ்சினேன். இன்னும் சிரித்தார்கள்.

அம்மா உள்ளேயிருந்து இதொன்றும் தெரியாமல் சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த கடைசி வரியை, பெண்ணின் அம்மாவைப் பார்த்து, தன்னால் முடிந்த அளவுக்கு மெதுவாகச் சொன்னாள். "எங்க வீட்டுல கை நனைச்சுட்டுத்தான் போகணும்."

அம்மா சோறு போடுகிறேன் என்று சொல்கிறாள். இதைவிடப் பெரிய ஜோக் தெருவுக்கு வேண்டுமா? வாசல் வெடித்துச் சிரித்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். அம்மா பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. சிரிப்புக்காகவே வாழ்ந்தவள் நான். அந்தச் சிரிப்பை அப்படியே அள்ளித் தெருவில் கொட்ட வேண்டும் போல் இருந்தது எனக்கு.

பெண்ணின் அம்மா எழுந்தார். போச்சு என்று நினைத்தேன். தம்பி தரையைப் பார்த்தான். அவர் வாசல் பக்கம் போகவில்லை, என்னிடம் வந்தார்.

"நீங்கதான அந்த மருமக?"

"ஆமாம்மா."

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன். நீங்க ஏன் அதுல ஒரு வார்த்தகூடப் பேச மாட்டேங்கிறீக?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "அதாம்மா காமெடி" என்றேன். "மாமியார் பேசிக்கிட்டே போவாங்க. மருமக பேசாம ஒரு பார்வை பாப்பா. அதுலதான் சிரிப்பு."

"சிரிப்பு வருதுங்க. நானும்தான் சிரிக்கிறேன், இல்லேங்கல. ஆனா சிரிச்சு முடிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிரும். சின்னப் புள்ளையில எங்கம்மா கூலி வேலைக்குப் போற வீட்டு வாசல்ல நிப்பாக. அந்த வீட்டுக்காரவுக என்ன பேசுனாலும் கேட்டுக்கிட்டு நிப்பாக. வாயே தொறக்க மாட்டாக. மொகத்துல மட்டும் எல்லாம் ஓடும். நீங்க பாக்குறீகளே, அதே பார்வைதான். பக்கத்துல நானும் நின்னிருக்கேன்." அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "ஒங்கம்மா பேசுறதுல எனக்குப் பயமில்ல. அவுக பேசட்டும். எம்மக பேசாம நிக்க மாட்டா. நிக்கணும்னு நெனக்கிற வீடா இருந்தா வேண்டாம்னு பாத்தேன்."

வாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அம்மாவின் வாயைப் பற்றி வீடே கவலைப்பட்டு, அதற்குப் பயிற்சி கொடுத்து, அவளை அழவும் வைத்தோம். அவர் கவலையெல்லாம் என் வாயைப் பற்றி. மைக் பிடித்துப் பேசிப் பிழைக்கப் போனவள், ஊருக்கு வந்து எனக்கென்று ஊமை வேஷம் எழுதிக்கொண்டதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

பதில் சொன்னது அம்மா. மெல்லிய தமிழெல்லாம் அவளை விட்டுப் போயிருந்தது. சோற்றுப் பாத்திரத்தை டமாரென்று தரையில் வைத்தாள்.

"ஏங்க, பேசாம நிக்கிறவள வச்சுக்கிட்டு நான் என்னங்க செய்ய? இத்தன வருசமா இந்த வீடியோவுல நான் ஒருத்தியே கத்திக்கிட்டுக் கெடக்கேன். எதுத்து ஒரு சொல்லு வராதான்னு நானும் பாக்குறேன், இவ என்னடான்னா போனப் பாத்துப் பல்லக் கடிக்கிறா. ஒத்தையில எம்புட்டு நேரம் சண்ட போடுறது? தொண்ட போச்சு எனக்கு. ஒங்க மகளப் பேசச் சொல்லுங்க. நல்லாப் பேசச் சொல்லுங்க. வீட்டுல தமிழ்ல பேச எனக்கும் ஆளு வேணும்ல."

ரேஷன் கடைக்குக் கேட்டிருக்கும். அவ்வளவு சத்தம். பெண்ணின் அம்மா அவளையே பார்த்தார். பிறகு கொல்லைப்புறம் எங்கே என்று கேட்டு, போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, இலையின் முன்னால் உட்கார்ந்தார். கணவரையும் கண்ணால் உட்காரச் சொன்னார்.

"போடுங்க மதினி" என்றார்.

மதினி என்று உறவு சொல்லிக் கூப்பிட்டதும் தம்பி அடுப்படிக்குள் ஓடிவிட்டான். அழுதிருப்பான். கேட்டால் இல்லையென்பான். அம்மா சோற்றை அள்ளி அள்ளி வைத்தாள். "போதும், போதும்" என்று அவர் இலையை மறைத்தார்.

"வாய மூடிக்கிட்டுச் சாப்புடுங்க" என்றாள் அம்மா, அவளுக்குத் தெரிந்த தமிழில்.

"மூடிக்கிட்டா எப்படிச் சாப்புடுறது?"

அம்மா ஒரு கணம் திகைத்துப் போனாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், தெருவும் கூடச் சேர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அவர்கள் போன பிறகு, மருமகள் இனிமேல் பேசப் போகிறாள் என்று வீட்டில் அறிவித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பார்வையாகத் தோன்றியதே தவிர, சொல்லாக ஒன்றுகூடத் தோன்றவில்லை. வெட்கத்தை விட்டு அந்த அம்மாவுக்கே போன் போட்டேன். அங்கன்வாடி முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார்.

"எங்க வீட்டு மருமகள்னா கோழி கூவுறதுக்கு முன்னாடி எந்திரிக்கணும்னு மாமியார் சொல்றாங்கம்மா. நான் என்ன சொல்ல?"

"'சரி அத்த, கோழிய எழுப்பி விட்டுட்டு வந்து படுத்துக்கிறேன்'னு சொல்லுங்க" என்றார், ஒரு நொடி யோசிக்காமல்.

நான் சிரித்த சிரிப்பில் அம்மா என்னவென்று எட்டிப் பார்த்தாள். இன்னொன்று கேட்டேன். அதற்கும் உடனே பதில் வந்தது. எது கேட்டாலும் வந்தது. சிலது சிரிப்பு, சிலது சிரித்த பிறகு சுட்டது. எத்தனையோ மேடையில் நின்ற எனக்கு இப்படி வந்ததே இல்லை.

"எப்படிம்மா ஒங்களுக்கு ஒடனே ஒடனே வருது?" என்று கேட்டேன்.

"ஒடனேயா?" என்றார். "எங்கம்மா பக்கத்துல நின்னேன்னு சொன்னேன்ல, அப்ப யோசிச்சதுங்க எல்லாம். வீட்டுக்குப் போற வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே போவேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. இப்ப நீங்க சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். அவர் அதற்குள் அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.